கறுப்பு வெள்ளையில் ஒரு கச்சேரி



கறுப்பு வெள்ளைப் படம் என்றாலே "பழசு" என்று பிள்ளைகள் முகத்தைச் சுளிக்கிறார்கள். சுளிக்கட்டும். பத்தே நிமிடம் ஓடும் ஒரு கச்சேரிப் படத்தை அவர்களோடு உட்கார்ந்து பாருங்கள். பெயர் 'ஜாமின் த புளூஸ்'. 1944இல் அமெரிக்காவின் வார்னர் பிரதர்ஸ் வெளியிட்டது. எடுத்தவர் ஜோன் மிலி, 'லைஃப்' இதழின் புகைப்படக்காரர்.

முதலில் வட்டத்துக்குள் வட்டமாக ஏதோ தெரியும். அது மெல்ல நிமிரும்போதுதான் தொப்பி என்று புரிகிறது. கீழே லெஸ்டர் யங்கின் முகம்! சாக்ஸபோனை எடுத்து ஊதுகிறார். சிகரெட் புகை இருட்டில் வெள்ளைக் கோடாக எழுகிறது. வண்ணத்தில் எடுத்திருந்தால் சட்டையையும் திரைச்சீலையையும் அல்லவா பார்த்துக்கொண்டிருப்போம்? இங்கே விரலும் மூச்சும்தான் கண்ணில் படுகின்றன. கோயில் திருவிழாவில் நாதஸ்வரக்காரரின் கன்னம் உப்புவதை வைத்த கண் வாங்காமல் பார்ப்பவர்கள் நாம். நமக்கா இது புரியாது?

அந்த இருட்டுக்கு வேறொரு வேலையும் இருந்தது. கிட்டார் வாசித்த பார்னி கெஸல் மட்டுமே அந்தக் குழுவில் வெள்ளையர். மற்ற எல்லாரும் கறுப்பர்கள். இரு நிறத்தாரும் சேர்ந்து வாசிப்பதைத் தென் மாநிலத்து வெள்ளையர்கள் பொறுக்கமாட்டார்கள் என்று அஞ்சி, கெஸலை நிழலிலேயே நிறுத்தினார்கள். கிட்டக் காட்டும் இடத்தில் அவர் கையில் பழச்சாறு பூசிக் கறுப்பாக்கினார்களாம். ஒளியை அவ்வளவு அழகாகக் கையாண்ட படத்தில் இப்படியும் ஒரு மறைப்பு!

பார்க்கும்போது பிள்ளைகளிடம் கேளுங்கள், கிட்டார்க்காரர் எங்கே நிற்கிறார் என்று. தேடிக் கண்டுபிடிக்கட்டும்.