சோழிக்கு எதற்குப் பதக்கம்?

வீடியோ கேம் என்றால் சாதனைப் பட்டியல் இருந்தே ஆக வேண்டும், திரையோரத்தில் பதக்கம் ஒன்று மின்னினால்தான் ஆட்டத்தில் ருசி என்று பலரும் நம்புகிறார்கள். 2005 நவம்பரில் எக்ஸ்பாக்ஸ் 360 இந்தச் சாதனைப் புள்ளிக் கணக்கைத் தொடங்கியது. 2008இல் பிளேஸ்டேஷனும் கோப்பைகளோடு வந்தது. இன்று பப்ஜி வகை செல்போன் ஆட்டங்களில் பட்டம், தினசரிப் பணி எல்லாம் உண்டு. ஆனால் பலரும் நம்புவதால் மட்டும் அந்த எண்ணம் உண்மையாகிவிடாது.

பரிசில்லாமல் யார் எதைச் செய்வார் என்பவர்கள் தூத்துக்குடி முத்துக்குளிப்பையே சாட்சிக்கு அழைக்கலாம். கல்லை மிதித்துக் கயிற்றோடு இறங்கி, மூச்சடக்கிச் சிப்பி அள்ளி வந்தவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கு. அரசின் பங்கு திறக்காத சிப்பியாகவே ஆயிரம் ஆயிரமாக ஏலம் போகும். உள்ளே முத்தா, வெறும் சதையா என்பது எடுத்தவரின் அதிர்ஷ்டம். பரபரப்புக்குக் குறைவில்லைதான். ஆனால் அது பிழைப்பு. 1961ஓடு இந்தக் கரையில் முத்துக்குளிப்பு ஓய்ந்தது. சிப்பி இல்லாத கடலில் வேடிக்கைக்காக யாரும் இறங்கவில்லை.

விளையாட்டு எது என்று தெரிய வேண்டுமானால் பல்லாங்குழியைப் பார்க்கலாம். குழியில் நான்கு சோழி சேர்ந்ததும் 'பசு' என்று அள்ளும்போது வரும் குதூகலத்துக்கு எந்தக் கோப்பையும் ஈடில்லை. ஆட்டம் முடிந்தால் அத்தனை சோழியும் ஒரே டப்பாவுக்குள். ஜெயித்தவர் ஒன்றைக்கூடக் கொண்டுபோவதில்லை. பசு, ஆட்டத்துக்குள்ளேயே விளைவது. சாதனைப் புள்ளியோ வெளியே நின்று முதுகில் தட்டுவது.

அந்தத் தட்டு கெடுதலும் செய்யும். மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகிய உளவியலாளர்கள் 1973இல் வெளியிட்ட ஆய்வு இது. படம் வரைவதில் பிரியமுள்ள மழலையர் பள்ளிக் குழந்தைகளில் ஒரு பிரிவினரிடம், வரைந்தால் தங்க நட்சத்திரமும் ரிப்பனும் ஒட்டிய சான்றிதழ் தருவதாக முன்கூட்டியே சொன்னார்கள், கொடுத்தார்கள். சில நாள் கழித்துப் பார்த்தால், அந்தக் குழந்தைகள் மற்றவர்களைவிட ஏறத்தாழப் பாதி நேரமே தாமாக வரைந்தார்கள். சொல்லாமல் திடீரென்று பரிசு பெற்றவர்களின் ஆர்வம் குறையவில்லை. முன்னறிவிப்புதான் விஷம். கேம்களின் சாதனைப் பட்டியலோ பெரும்பாலும் முதல் நாளே கண்முன் விரிந்து கிடக்கிறது.

விளைவு என்ன? 2007இல் வந்த 'அவதார்: தி பர்னிங் எர்த்' ஆட்டத்தில், ஒரே அடியைத் திரும்பத் திரும்ப அடித்தால் சில நிமிடங்களிலேயே 1,000 புள்ளியும் கிடைத்துவிடும். அதற்காகவே அதைத் தேடிப் பிடித்தவர்கள் ஏராளம். கதையை அவர்கள் எட்டிக்கூடப் பார்க்க வேண்டியதில்லை.

சாதனைப் பட்டியல் புதிய வழிகளைக் காட்டுகிறதே, தெரியாத மூலைக்கு அழைத்துப் போகிறதே என்பார்கள். சில ஆட்டங்களில் அது நிஜம். ஆனால் அந்த மூலை சுவாரஸ்யமாக இருந்தால் அந்த இன்பம் மூலையுடையது, புள்ளியுடையது அல்ல. மூலையே சப்பென்றிருந்தால் பதக்கம் அதை மூடி மறைக்கத்தான் உதவும்.

டொராண்டோவின் விசாய் கேம்ஸ் 2023இல் வெளியிட்ட 'வெண்பா' என்ற கேமே இதற்குப் போதுமான பதில். கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் கதை. அம்மாவின் சமையல் குறிப்பேட்டில் எழுத்து அழிந்துபோயிருக்க, இட்லித் தட்டுகளை எப்படி அடுக்குவது என்று விளையாடுபவர்தான் யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டும். அதன் எக்ஸ்பாக்ஸ் பதிப்பில் சாதனைப் புள்ளி உண்டு. நின்டெண்டோ ஸ்விட்ச் கருவியில் அந்த ஏற்பாடே கிடையாது. அதனால் ஸ்விட்சில் இட்லி வேகாமல் போய்விடவில்லை. 2024இல் பாஃப்டா அமைப்பின் சிறந்த அறிமுக ஆட்டத்துக்கான விருது 'வெண்பா'வுக்குக் கிடைத்தது, கோப்பைப் பட்டியலுக்கு அல்ல.

சாதனைகளை அடியோடு ஒழிக்கச் சொல்லத் தேவையில்லை. முதல் முறை ஆடி முடிக்கும்வரை பட்டியலைக் கண்ணில் காட்டாமல் வைத்தால் போதும். ரகசியச் சாதனை என்ற வசதி எக்ஸ்பாக்ஸிலும் ஸ்டீம் கேம் தளத்திலும் ஏற்கெனவே இருக்கிறது. விதிவிலக்காக இருக்கும் அதை விதியாக்குவதில் நிறுவனங்களுக்குத் தொழில்நுட்பச் சிக்கல் எதுவும் இல்லை.