கரிக்கட்டையைத் தேடும் கண்கள்

"மின்னல் அடிச்சிருந்தா உடம்பு கரிக்கட்டையா ஆயிருக்கணுமே, இது முழுசா இருக்கே?" வயலில் இறந்து கிடப்பவரைச் சுற்றி நிற்கும் கூட்டத்தில் இப்படிக் கேட்க ஒருவராவது இருப்பார். உடனே பழைய வரப்புத் தகராறு நினைவுக்கு வரும். பக்கத்து வயல்காரர் கொலையாளி ஆகிவிடுவார். இறந்தது பெண்ணாக இருந்து, சேலையும் கிழிந்து கிடந்தால் பேச்சு எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

மின்னல் பாயும் பாதையில் காற்று சுமார் 30,000 டிகிரி செல்சியஸ் வரை சூடேறுவது உண்மைதான். ஆனால் கண்ணிமைக்கும் முன்பே அது முடிந்துவிடுகிறது; உடல் வேக நேரமில்லை. மின்சாரத்தின் பெரும்பகுதி தோலின் மேலாக ஓடி மண்ணில் இறங்கிவிடும். வியர்வையும் மழைநீரும் அப்போது சட்டென்று ஆவியாகி வெடிப்பதால்தான் துணி கிழிகிறது, செருப்பு பிய்ந்து பறக்கிறது. சங்கிலி பட்ட இடத்தில் மட்டும் தோல் பொசுங்கியிருக்கலாம். செவிப்பறை கிழிந்திருக்கலாம். சிலர் உடலில் எதுவுமே தெரியாது. இதயமும் மூச்சும் ஒரே கணத்தில் நின்றுபோனதற்கு வெளியே அடையாளம் எதற்கு?

போதாக்குறைக்கு, சாகிறவர்களில் பெரும்பாலோர் மீது மின்னல் நேராக இறங்குவதே இல்லை. 2016 ஆகஸ்டில் நார்வேயின் ஹர்டாங்கர்விட்டா பீடபூமியில் ஓர் இடிமழையில் 323 துருவ மான்கள் செத்துக் கிடந்தன. ஒவ்வொன்றின் தலையிலும் தனித்தனியாகவா விழுந்தது? தரையில் பரவிய மின்சாரம் ஒரு காலில் ஏறி மறுகாலில் இறங்கியே கொன்றுவிடும்.

தோலில் பெரணி இலை விரித்தாற்போலச் செந்நிறக் கோலம் தெரிந்தால் மின்னல்தான் என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். அது எல்லோருக்கும் வராது. வந்தாலும் ஓரிரு நாளில் மங்கிவிடும். கொலையா இல்லையா என்று கூச்சல் போட்டு உடலைப் பிணவறையில் காக்கவைத்தால் அந்தச் சாட்சியமும் போச்சு. கிடந்த இடத்திலேயே படம் எடுத்திருக்க வேண்டும். பட்டை உரிந்த மரம், அருகில் செத்த ஆடு, உருகிய உலோகம் எல்லாவற்றையும் பிரேதப் பரிசோதனை செய்யும் மருத்துவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். அந்த நேரத்தில் அங்கே மின்னல் இறங்கியதா என்று புனேயிலுள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் உணர்விப் பதிவுகளில் பார்க்கலாம். விசாரணை அறிக்கை எழுதுகிறவர்களும் கரியைத் தேடினால் இதையெல்லாம் யார் செய்வது?

மின்னல் என்றால் உடல் கருகும் என்ற இந்த நம்பிக்கை குற்றவாளிக்கும் உதவும். காட்டுப்பன்றிக்காகத் திருட்டுத்தனமாகப் போட்ட மின்வேலியில் சிக்கியவரின் உடலில், கம்பி தொட்ட இடம் ஆழமாகக் கருகியிருக்கலாம். மழை பெய்த இரவென்றால் ஊர் அதை மின்னல் என்று ஒப்புக்கொள்ளும். வேலி போட்டவருக்குக் கம்பியைச் சுருட்டி எடுத்துப்போக அந்த ஓர் இரவு போதும்.