அறுவைக்குக் காப்பீடு உண்டு, பைக்கு இல்லை

2021 குறுவை அறுவடை நேரத்தில் என் அப்பாவுக்கு மூத்திரத்தில் ரத்தம் வந்தது. வரப்போரம் ஒதுங்கியபோது பார்த்திருக்கிறார். வலி இல்லை, அதனால் யாரிடமும் சொல்லத் தோன்றவில்லையாம். இரண்டு நாளில் தானாக நின்றுவிட்டது. தை மாதம் மறுபடி வந்தபோது அம்மாவிடம் சொன்னார். "சூடு புடிச்சிருக்கு" என்று தெருவே முடிவு செய்தது. இளநீர், வெந்தயம், பார்லிக் கஞ்சி, மருந்துக்கடையில் நீர்க்கடுப்புக்கு மாத்திரை. மூன்றாம் முறை ரத்தம் கட்டி கட்டியாக வந்து மூத்திரம் அடைத்துக்கொண்ட பிறகுதான் எனக்குப் போன் வந்தது. முதல் ரத்தத்துக்கும் முதல் ஸ்கேனுக்கும் இடையில் எட்டு மாதம் போய்விட்டது.

சிறுநீர்ப்பைப் புற்றுநோயின் முதல் அடையாளமே வலியில்லாமல் வரும் ரத்தம்தான். வரும், நிற்கும், சில மாதம் கழித்து மறுபடி வரும். நின்றுவிட்டால் குணமாகிவிட்டது என்று நினைக்கிறோம். உலகில் ஆண்டுக்கு ஆறு லட்சம் பேருக்கு மேல் இந்த நோய் புதிதாகக் கண்டறியப்படுகிறது. பெரும்பாலோர் ஆண்கள். புகையிலைதான் முதன்மைக் காரணம். பீடிப் புகையின் நஞ்சைச் சிறுநீரகம் வடிகட்டி அனுப்ப, அது பையில் மணிக்கணக்கில் தேங்கி நிற்கிறது. சாயத் தொழிலும் ஒரு காரணம். ஜெர்மனியில் சாயத் தொழிற்சாலைத் தொழிலாளிகளிடம் இந்த நோய் இருப்பதை ரேன் என்ற அறுவை மருத்துவர் 1895லேயே எடுத்துச் சொன்னார். எங்கள் ஊரில் பூச்சிமருந்தின் மேல்தான் பழி போடுகிறார்கள். அதைப் பற்றி உறுதியாகச் சொல்ல நான் ஆளில்லை. அப்பா பதினைந்து வயதிலிருந்து பீடி குடித்தவர் என்பது மட்டும் எனக்குத் தெரியும். பண்ணையில் கூலியோடு வெற்றிலை, புகையிலையும் சேர்த்து வாங்கிப் பழகிய தலைமுறை அது.

பெண்களுக்கு வந்தால் இன்னும் தாமதம். நடவு வயலில் ஒதுங்க இடமில்லாமல் தண்ணீரே குடிக்காமல் நாள் முழுதும் அடக்கிக்கொள்கிறவர்களுக்கு நீர்க்கடுப்பு வராத வருஷம் கிடையாது. ரத்தம் வந்தாலும் அந்தக் கணக்கிலேயே போய்விடும், இல்லையென்றால் மாதவிலக்குக் கணக்கில். தாமதம் நம்மைப் போன்றவர்களை மட்டும் கொல்வதில்லை என்பதும் உண்மை. சீனப் பிரதமர் சூ என்லாய்க்கு 1972இல் இதே நோய் தெரிந்தும் பெரிய அறுவை 1974 வரை தள்ளிப்போனது. 1976 ஜனவரியில் இறந்தார். அவர் விஷயத்தில் அரசியல் குறுக்கே நின்றது. எங்கள் விஷயத்தில் அறுவடை நின்றது.

முதலில் சிறுநீர்ப் பாதை வழியாகவே கருவியை விட்டுக் கட்டியைச் சுரண்டி எடுத்தார்கள். பிறகு வாரம் ஒன்றாக ஆறு வாரம் பிசிஜி மருந்தைக் குழாய் வழியாகப் பைக்குள் செலுத்தினார்கள். காசநோய் வராமலிருக்கப் பச்சைக் குழந்தைக்குப் போடுகிற அதே பிசிஜிதான். அதைத் தயாரிக்க 1948லேயே கிண்டியில் ஆய்வகம் தொடங்கினார்கள். சிறுநீர்ப்பைப் புற்றுக்கும் அது வேலை செய்கிறது என்று 1976இல் கனடாவில் கண்டார்கள். நல்ல மருந்து, ஆரம்ப நிலையில் எத்தனையோ பேருடைய பையைக் காப்பாற்றுகிறது.

ஆனால் அந்த மருந்துக்கு ஒரு வீடு வேண்டும். மருந்து ஏற்றிய பின் இரண்டு மணி நேரம் அடக்க வேண்டும். அடுத்த ஆறு மணி நேரத்துக்கு உட்கார்ந்துதான் போக வேண்டும். ஒவ்வொரு முறையும் கழிப்பறையில் பிளீச்சிங் ஊற்றிக் கால் மணி நேரம் விட்டு, நிறையத் தண்ணீர் அடிக்க வேண்டும். மருந்தில் உயிருள்ள கிருமி இருப்பதால் இந்த ஏற்பாடு. அச்சிட்ட தாளில் எல்லாம் சரியாக இருந்தது. எங்கள் ஊருக்கு டவுன் பஸ் ஒன்றரை மணி நேரம். வீட்டில் மானியத்தில் கட்டிய கழிப்பறை இருந்தது, அதில் உரமூட்டை இருந்தது, தண்ணீர் இல்லை. "உங்கள் வீட்டில் கழிப்பறை இருக்கிறதா, தண்ணீர் எங்கிருந்து எடுக்கிறீர்கள்" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் அந்த ஆறு நாளும் டவுனிலேயே யார் வீட்டிலாவது தங்க வைத்திருப்பேன். எனக்கும் தோன்றவில்லை. இரண்டாவது வாரம்தான் உரமூட்டையை வெளியே எடுத்தோம்.

அடுத்த தவறு முழுக்க எங்களுடையது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கேமரா விட்டுப் பார்க்க வேண்டும் என்று தெளிவாகச் சொல்லியிருந்தார்கள். முதல் தவணை சம்பா நடவில் வந்து விழுந்தது. "நடவு முடியட்டும்" என்றார். நடவு முடிந்தால் களை, களை முடிந்தால் அறுவடை. மாசி மாதம் போனபோது நோய் பையின் தசைக்குள் இறங்கியிருந்தது. 2023 சித்திரையில் சிறுநீர்ப்பையை எடுத்துவிட்டார்கள்.

பையை எடுத்த பின் குடலில் ஒரு சாண் அளவு வெட்டி, சிறுநீரகக் குழாய்களை அதில் இணைத்து, வயிற்றின் வலப்பக்கம் ஒரு துளை வைக்கிறார்கள். அதற்கு ஸ்டோமா என்று பெயர். அந்தத் துளையைச் சுற்றித் தோலில் ஒரு தகடு ஒட்டி, அதில் வெளிப்பை மாட்ட வேண்டும். மூத்திரம் சொட்டுச் சொட்டாக எப்போதும் வந்துகொண்டிருக்கும். அடக்க முடியாது. ஸ்டோமா என்றால் என்ன என்று அப்பா கேட்டார். கிரேக்கத்தில் வாய் என்று பொருள் என்றேன், எம்.ஏ. தமிழ் படித்த கெட்ட பழக்கம். "அப்ப இன்னொரு வாய்க்குஞ் சேத்து நான் சம்பாரிக்கணுமா?" என்றார். அப்போது எல்லோரும் சிரித்தோம். பை வாங்க ஆரம்பித்த பிறகு சிரிக்கவில்லை.

எந்த மருத்துவமனை என்று எழுதப்போவதில்லை. அரசா தனியாரா என்றும் சொல்லவில்லை. இரண்டிலும் இதைவிட மோசமாகவும் நடக்கிறது, நல்லதும் நடக்கிறது. அறுவை செய்த மருத்துவர் சீட்டின் பின்பக்கத்தில் படம் வரைந்து அப்பாவுக்குப் புரியும்வரை விளக்கினார். அந்தச் சீட்டை இன்னும் வைத்திருக்கிறோம். அறுவையும் சுத்தமாக நடந்தது. நான் பேசுவது அதற்கு முன்னும் பின்னும் நடந்ததைப் பற்றி.

துளை எங்கே வைப்பது என்று அறுவைக்கு முன் குறி போட வேண்டும். நோயாளியை நிற்கச் சொல்லி, உட்காரச் சொல்லி, குனியச் சொல்லி, மடிப்பு விழாத இடமாக, உடுப்புக் கட்டும் இடத்துக்கு விலகியதாகப் பார்த்து, பேனாவால் புள்ளி வைப்பதுதான் முறை. அப்பாவுக்குக் கட்டிலில் படுத்தபடியே புள்ளி வைத்தார்கள். அவர் கைலி கட்டுகிறவர், அதுவும் இறுக்கி முடிச்சுப் போடுகிறவர். அண்டை வெட்டவும் வரப்புக் கழிக்கவும் குனிந்தே நாற்பது வருஷம் வாழ்ந்தவர். இப்போது முடிச்சு சரியாகத் தகட்டின் மேல் உட்காருகிறது. குனிந்தால் தகட்டின் ஒரு ஓரம் பிடுங்கிக்கொள்கிறது. இரண்டு விரற்கடை தள்ளி வைத்திருந்தால் அவர் இன்றைக்கு வயலில் அரை வேலையாவது பார்த்திருப்பார். அதற்குப் புது இயந்திரம் வேண்டாம், "பெரியவரே, கொஞ்சம் எந்திரிச்சு நில்லுங்க, குனிங்க" என்று சொல்ல ஒரு ஆள் போதும்.

'பெரியவரே' என்று அங்கே யாரும் சொல்லவில்லை. பக்கத்துக் கட்டிலில் இருந்தவரை "ஐயா சாப்பிட்டீங்களா" என்று கேட்ட அதே வாய், என் அப்பாவிடம் "யோவ், பையைக் காலி பண்ணுனியா" என்றது. சொன்னவருக்கு இருபத்தைந்து வயது இருக்கும். சாதியை யாரும் கேட்கவில்லை. முகவரியில் காலனித் தெரு என்று இருந்தது, போதாதா? 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டப்பேரவையில் அறிவித்தபோது, ஒரு சொல்லில் என்ன இருக்கிறது என்று கேட்ட நண்பர்களுக்கு இந்தக் கட்டிலைக் காட்டியிருக்க வேண்டும்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் பை மாற்றுவது எப்படி என்று அம்மாவுக்குச் சொல்லிக்கொடுக்க ஐந்து நிமிஷம் கிடைத்தது. உண்மையில் கற்றுக்கொடுத்தது எதிர்க் கட்டில் நோயாளியின் மனைவி. தகட்டைத் துளையின் அளவுக்கே வெட்ட வேண்டும், பெரிதாக வெட்டினால் தோல் புண்ணாகும், காலையில் ஒன்றும் குடிக்கும் முன் மாற்றினால் சொட்டுவது குறைவு, எல்லாம் அவர் சொன்னதுதான். செவிலியர்மேல் எனக்குக் கோபமில்லை. அத்தனை கட்டில்களுக்கு நடுவே ஓடிக்கொண்டிருக்கிறவர் வேறு என்ன செய்ய முடியும்?

அக்கினி நட்சத்திரத்தில் வீடு வந்தோம். வியர்வையில் தகடு நிற்கவில்லை. நான்கு நாள் வர வேண்டியது ஒன்றரை நாளில் கழன்றது. ஒருமுறை பஸ்ஸில் ஒழுகிவிட்டது. பக்கத்தில் இருந்தவர் எழுந்துபோய் நின்றுகொண்டார். கண்டக்டர் ஒன்றும் சொல்லவில்லை, மூக்கை மட்டும் பொத்தினார். அதிலிருந்து அப்பா பஸ் ஏறுவதில்லை, டீக்கடைக்கும் போவதில்லை. சின்ன வயதில் தனி டம்ளரில் டீ குடித்தவர் அவர். பொது டம்ளர் வந்த நாளில் வேண்டுமென்றே இரண்டு டீ குடித்ததாகப் பெருமையாகச் சொல்வார். "இருந்த தீட்டு போதாதுன்னு இது வேற" என்று அன்றைக்குச் சொன்னார். அதன் பிறகு அதைப் பற்றிப் பேசுவதில்லை.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கிறது. அது இல்லையென்றால் எங்கள் வீடு அறுவையை நினைத்தே பார்த்திருக்க முடியாது. தஞ்சை மருத்துவக் கல்லூரியில் 150 கோடி ரூபாயில் கட்டிய உயர்சிறப்பு மருத்துவமனை 2019 ஜனவரியில் திறக்கப்பட்டது. முன்பெல்லாம் இந்த நோய்க்கு அடையாறு புற்றுநோய் நிலையத்தை விட்டால் வழியில்லை என்பார்கள். டெல்டாவுக்கு இவையெல்லாம் பெரிய மாற்றம், மறுக்கவில்லை. ஆனால் காப்பீடு எங்களுக்கு அறுவையோடு முடிந்தது. தகடும் பையும் உயிர் உள்ளவரை வேண்டும். ஒரு தகடும் பையும் சேர்ந்தால் நடவுக்குப் போகும் அம்மாவின் ஒருநாள் கூலியைத் தாண்டுகிறது. அதனால் எங்கள் தெருவில் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். கழுவிக் காயவைத்து மறுபடி ஒட்டுகிறோம், பிளாஸ்திரி போட்டு ஒப்பேற்றுகிறோம். தோல் வெந்துபோகிறது, தொற்று வருகிறது, மறுபடி ஆஸ்பத்திரி.

வழி இல்லாமலில்லை. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை தருவதோடு நிற்கவில்லை. வீட்டிலேயே வயிற்றுவழி டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களுக்கு அதற்கான திரவப் பைகளையும் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கும் திட்டம் அது. சிறுநீரகம் போனவருக்குப் பை கொடுக்க முடிந்த அரசுக்கு, சிறுநீர்ப்பை போனவருக்கும் கொடுக்க முடியும். அதே தன்னார்வலர், அதே வண்டி. அந்தப் பெண்கள் வாசலில் நிற்கும்போதே "ஒண்ணுக்குப் போறதுல எப்பவாவது ரத்தம் வந்துச்சா" என்று ஒரு கேள்வியும் கேட்கட்டும். அரசுப் பரிசோதனை வாய், மார்பு, கருப்பைவாய்ப் புற்றுகளைத்தான் தேடுகிறது. எங்களுடையதைத் தேட ஒரு கேள்வியும் ஒரு சிறுநீர்ப் பரிசோதனையும் போதும், தொடங்குவதற்கு.

இன்னொன்றும் இருக்கிறது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பட்டியலில் 21 வகைகள் உள்ளன. வயிற்றில் துளையோடு வாழ்கிறவர்கள் அதில் இல்லை. கை கால் நன்றாகத்தானே இருக்கிறது என்று அலுவலகத்தில் கேட்டார்கள். பட்டியலைத் திருத்துவது டெல்லியின் வேலை. பை கொடுப்பதற்கு டெல்லி வேண்டாம்.

தெரிந்துகொள்ள ஒரு செய்தி: சிகிச்சைக்கோ மறுபரிசோதனைக்கோ ரயிலில் போகும் புற்றுநோயாளிக்குப் படுக்கை வகுப்பில் கட்டணம் இல்லை, துணைக்கு வருபவருக்கு முக்கால் பங்கு சலுகை. மருத்துவமனையில் அதற்கான சான்றிதழ்ப் படிவத்தில் கையெழுத்து வாங்க வேண்டும். உழவன் எக்ஸ்பிரசில் முழுக் காசு கொடுத்துச் சென்னை போய்வந்த பிறகுதான் எங்களுக்கு இது தெரிந்தது.

வரும் திங்கள்கிழமை மாவட்ட ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் பை கேட்டு மனு கொடுக்கிறோம். சிறுநீருக்கானாலும் மலத்துக்கானாலும், வயிற்றில் பையோடு இருப்பவர்கள், அல்லது அவர்கள் வீட்டார், டிஸ்சார்ஜ் சம்மரி, குடும்ப அட்டை, காப்பீட்டு அட்டை நகல்களோடு காலை 10 மணிக்கு வாருங்கள். ஊரும் தெருவும் பார்க்க வேண்டாம், எல்லோரும் வரலாம். அப்பாவும் வருகிறார், ஆட்டோவில். அங்கே கழிப்பறை எந்தப் பக்கம், தண்ணீர் வருகிறதா என்று முன்கூட்டியே பார்த்து வைக்கச் சொல்லியிருக்கிறார்.