பெட்டியை வாங்குமுன்

சென்ற ஞாயிற்றுக்கிழமை மாலை, எமது அயலில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், பழைய பத்திரிகைத் தாளில் சுற்றிய பொருளொன்றைக் கையில் ஏந்தியவராய் எம்மிடம் வந்தார். பொதியை அவிழ்த்துப் பார்த்தோம். உள்ளே இருந்தது ஒரு வைஃபை ரவுட்டர். வாங்கி நான்கு ஆண்டுகளே ஆகின்றன. விளக்குகள் யாவும் ஒழுங்காக எரிகின்றன. எனினும், "இதற்கு இனிமேல் புதிய மென்பொருள் வராது, மாஸ்டர். வேறொன்று வாங்குங்கள்" என்று கடைக்காரர் கூறிவிட்டாராம்.

"பழுதாகாத பொருளை எதற்காக எறிய வேண்டும்?" என்று ஆசிரியர் கேட்டார். நியாயமான கேள்விதான். இதற்கு விடை காண விரும்புவோர், அப்பெட்டி யாது என்பதை முதலில் அறிந்துகொள்ளல் வேண்டும்.

ரவுட்டர் வெறும் மின்கருவியன்று. அஃது ஒரு சிறு கணினி. அதற்கும் செயலி உண்டு, நினைவகம் உண்டு. அதனுள்ளே நிரந்தரமாகப் பதிக்கப்பட்டு அதனை இயக்கும் மென்பொருளை நிலைபொருள் என்பர். பிள்ளைகளின் பாடமும், வங்கிக் கணக்கும், கடல்கடந்து வாழும் மகனின் குரலும் இப்பெட்டியின் வழியாகவே வீட்டுக்குள் வருகின்றன. எனவே, இது வீட்டின் வாயிற்காவலன் போன்றது. காவலன் உறங்கினால் என்ன நேரும் என்பதை 2018ஆம் ஆண்டு மே மாதம் உலகம் கண்டது. வி.பி.என்.ஃபில்ரர் எனப்பட்ட தீய மென்பொருள், குறைந்தது 54 நாடுகளில் ஏறத்தாழ 5 இலட்சம் ரவுட்டர்களிலும் அவை போன்ற கருவிகளிலும் புகுந்திருந்தமை அப்போது வெளிப்பட்டது.

நிலைபொருளிற் காணப்படும் ஓட்டைகளை அடைக்க வேண்டியவர் உற்பத்தியாளர். அவரோ சில ஆண்டுகளில் பழைய மாதிரியைக் கைவிட்டுப் புதியதை விற்கச் சென்றுவிடுகின்றார். ஆதலால், கடைக்காரர் கூறியதில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும், வேறொரு வழியும் உண்டு. உற்பத்தியாளரின் நிலைபொருளை அகற்றிவிட்டு, யாவரும் படிக்கவும் திருத்தவும் கூடிய திறந்த மூல நிலைபொருளை அவ்விடத்தில் பதிப்பதே அவ்வழி.

இவ்வழி பிறந்த வரலாறு மாணவர்கள் அறிந்திருக்க வேண்டியது. 2002ஆம் ஆண்டு டிசெம்பரில் அமெரிக்காவின் லிங்சிஸ் நிறுவனம் டபிள்யூ.ஆர்.ரி. 54ஜி என்னும் ரவுட்டரை வெளியிட்டது. அதற்குள் இயங்குவது லினக்ஸ் என்பதை மறு ஆண்டிலே சிலர் ஆராய்ந்து கண்டனர். லினக்ஸை எவரும் பயன்படுத்தலாம். ஆனால், அதனை மாற்றிப் பிறருக்கு விற்பவர், மாற்றிய மூலநிரலையும் அவர்களுக்குக் கொடுத்தல் வேண்டும் என்பது அதன் பொது உரிமத்தின் நிபந்தனை. அதற்குள் லிங்சிஸை வாங்கியிருந்த சிஸ்கோ நிறுவனத்திடம் ஆர்வலர்கள் இதனை எடுத்துக்காட்டினர். 2003ஆம் ஆண்டிலேயே மூலநிரல் வெளிவந்தது. அதனை அடியாகக் கொண்டு 2004இல் தொடங்கிய திட்டமே ஓப்பன் டபிள்யூ.ஆர்.ரி. அந்த ரவுட்டரின் பெயரே திட்டத்தின் பெயரிலும் ஒட்டிக்கொண்டது.

எனினும், கதை அத்துடன் முடியவில்லை. 2005இல் அதே டபிள்யூ.ஆர்.ரி. 54ஜியின் ஐந்தாம் பதிப்பு கடைகளுக்கு வந்தது. பெயரும் தோற்றமும் மாறவில்லை, உள்ளுறுப்புகளோ மாறியிருந்தன. லினக்ஸ் இருந்த இடத்தில் வேறொரு இயங்குதளம். ஃபிளாஷ் நினைவகம் 4 மெகாபைற்றிலிருந்து 2 ஆகவும், ரேம் 16இலிருந்து 8 ஆகவும் குறைக்கப்பட்டிருந்தன. லினக்ஸுடன் கூடிய பழைய அமைப்பு, 54ஜி.எல். என்ற வேறு பெயரில் தனியாக விற்பனைக்கு வந்தது. பெயரை மட்டும் நம்பி வாங்கியவர் ஏமாந்தார்.

பிறரை ஏன் சொல்ல வேண்டும்? நாமும் ஒருமுறை ஏமாந்தோம். ஓப்பன் டபிள்யூ.ஆர்.ரி. திட்டத்தார் பேணிவரும் கருவிப் பட்டியலில் ஒரு மாதிரியின் பெயரைக் கண்டு, அதே பெயருள்ள பெட்டியை மகிழ்ச்சியோடு வாங்கி வந்தோம். வீட்டில் அதனைக் கவிழ்த்து அடியிலுள்ள சீட்டை வாசித்தபோதுதான், பட்டியலிலிருந்த பதிப்பு வேறு, எமது கையிலிருந்த பதிப்பு வேறு என்பது தெரிந்தது. உறை பிரித்த பொருளைக் கடைக்காரர் திருப்பி எடுக்கவில்லை.

எனவே, வாங்கச் செல்பவர் நான்கு விடயங்களைக் கவனித்தல் வேண்டும். முதலாவது, மாதிரியின் பெயரோடு பதிப்பெண்ணும் பட்டியலுடன் எழுத்துக்கு எழுத்து ஒத்திருத்தல் வேண்டும். இரண்டாவது, நினைவகம். இன்று வாங்கும் ரவுட்டரில் குறைந்தது 16 மெகாபைற் ஃபிளாஷும் 128 மெகாபைற் ரேமும் இருத்தல் வேண்டும், கூடுதலாயின் நன்று. மூன்றாவது, வைஃபைச் சில்லு. மீடியாரெக், குவால்கொம் அதெரோஸ் ஆகியவற்றின் சில்லுகள் பலவற்றுக்குத் திறந்த மூல இயக்கிகள் உண்டு. புரோட்கொம் சில்லுகளுக்கு அவ்வாதரவு பொதுவாகக் குறைவு. நான்காவது, தற்போதைய வெளியீடு அம்மாதிரிக்குக் கிடைக்கின்றதா என்பது. முன்னொரு காலத்தில் ஆதரவு இருந்தது என்பது இன்று உதவாது.

இத்தனை ஆராய்ச்சிக்கு நேரமில்லாதவர்க்கும் ஒரு வழி பிறந்துள்ளது. திட்டத்தார் தாமே வடிவமைத்த ஓப்பன் டபிள்யூ.ஆர்.ரி. ஒன் என்னும் ரவுட்டர் 2024இல் வெளிவந்தது. அதன் ரேம் 1 கிகாபைற். பதிக்கும்போது தவறு நேர்ந்தாலும் மீட்டெடுப்பதற்கெனத் தனியான நினைவகமும் அதில் உண்டு.

பிற பெட்டிகளில் அவ்வசதியை எதிர்பார்க்க முடியாது. ஆகையால், எச்சரிக்கை தேவை. நிலைபொருள் பதிவாகும் சில நிமிடங்களில் மின்சாரம் தடைப்பட்டால், பெட்டி வெறும் செங்கல்லாகிவிடக்கூடும். மின்வெட்டு அடிக்கடி நிகழும் இடமாயின் இதனை மறக்கலாகாது. பதித்தபின் உற்பத்தியாளரின் உத்தரவாதம் இல்லாமற் போகலாம். வைஃபை அமைப்பில் எமது நாட்டையே தெரிவு செய்தல் வேண்டும். அலைவரிசையையும் வலுவையும் பற்றிய சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடும். இணையச் சேவை நிறுவனம் தந்த பெட்டி பெரும்பாலும் அந்நிறுவனத்தின் உடைமையே. அதில் கைவையாது, அதன் பின்னே எமது ரவுட்டரைப் பொருத்திக்கொள்வதே முறை.

இனி, ஆசிரியரின் பெட்டிக்கு வருவோம். கவிழ்த்துப் பார்த்து, பட்டியலில் தேடினோம். ஃபிளாஷ் 4 மெகாபைற், ரேம் 32. இன்றைய வெளியீட்டுக்கு அதில் இடமில்லை. நான்கு ஆண்டுகளுக்கு முன் சிறிது கூடுதலான பணத்தில் வேறொன்றைத் தெரிந்திருந்தால், இன்று அதற்குப் புது வாழ்வு கொடுத்திருக்கலாம். வாங்கிய பின் நாம் செய்யக்கூடியது சிறிதே. வாங்குமுன் செய்யக்கூடியதோ பெரிது. இதனை மெல்லச் சொன்னோம். அவர் சற்றுநேரம் பேசாதிருந்துவிட்டு, பெட்டியை மீண்டும் அதே தாளிற் சுற்றினார்.

புதன்கிழமை அவருடைய பேத்தி வந்தாள். உயர்தர வகுப்பில் படிப்பவள். அப்பியாசக் கொப்பியிலிருந்து கிழித்த தாளொன்றை எம்மிடம் நீட்டினாள். அதில் மூன்று ரவுட்டர்களின் பெயரும், பதிப்பெண்ணும், சில்லும், நினைவகமும் கோடு போட்டு எழுதப்பட்டிருந்தன.

"பெட்டியின் அடியைப் பார்க்க விடாத கடையில் வாங்க வேண்டாம் என்று அப்பப்பா சொல்லிவிட்டார். இந்தப் பட்டியல் சரியா என்று நீங்கள் ஒருக்காப் பார்த்துச் சொல்லுங்கோ, மாமா" என்றாள்.

பார்த்தோம். இரண்டு சரியாக இருந்தன. மூன்றாவதன் பதிப்பெண்ணை அவளே மறுபடி சரிபார்க்கும்படி திருப்பிக் கொடுத்தோம்.