கழிவும் கயலும்

மாநகரம் என்று மார்தட்டுகிறோம். மாட மாளிகைகளைக் காட்டுகிறோம். மின்விளக்கு மின்னும் வீதிகளைக் காட்டுகிறோம். அந்த மாளிகைகளின் கழிவுநீர் எங்கே போகிறது என்று கேட்டால் மட்டும், மூக்கைப் பொத்தி முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம்!

கொல்கத்தா நகரத்துக் கழிவுநீர் கிழக்கே போகிறது. அங்கே ஏறத்தாழ 12,500 எக்டேர் பரப்பில் ஏரிகளும் வயல்களும் விரிந்து கிடக்கின்றன. அந்நீரை வாங்கிக்கொள்பவன் வலையேந்திய மீனவன்!

முன்னாளில் அவ்விடம் உப்பங்கழி. உப்புநீர் கொணர்ந்த வித்யாதரி ஆறு தூர்ந்தது. 1928-இல் செத்த ஆறு என்றே அறிவிக்கப்பட்டது. ஆறு செத்தது; உழைப்பாளி ஓயவில்லை. கரை எழுப்பினான், மதகு வைத்தான், கழிவுநீரை அளந்து விட்டான், மீன் வளர்த்தான்.

மந்திரமா இது? இல்லை, அறிவியல்! ஆழமற்ற ஏரியில் வெயில் அடிவரை பாய்கிறது. பாசி தழைத்து உயிர்க்காற்றைத் தருகிறது. நுண்ணுயிர்கள் அழுக்கைச் சிதைக்கின்றன. பாசியைக் கட்லாவும் ரோகுவும் தின்கின்றன. கரையோரத்து ஆகாயத்தாமரை அலையைத் தடுத்து மண்ணைக் காக்கிறது. தெளிந்த நீர் நெல்வயலுக்குப் போகிறது. நகரம் கழித்தது, நகரத்துக்கே மீனாகவும் சோறாகவும் திரும்புகிறது!

இதை உலகறியச் செய்தவர் மேற்கு வங்க அரசின் பொறியாளர் துருவஜோதி கோஷ். 2018-இல் மறைந்த அவருக்கு 1990-இல் ஐக்கிய நாடுகளின் குளோபல் 500 விருது கிடைத்தது. 1992-இல் உயர்நீதிமன்றம் இந்நிலத்துக்குக் காப்பளித்தது. 2002-இல் ராம்சர் பட்டியலில் ஏறிற்று. 2006-இல் தனிச் சட்டமே வந்தது.

ஆனாலும் ஏரியில் மண் கொட்டும் கை ஓயவில்லை! சட்டத்தை மீறிக் கட்டடங்கள் எழுகின்றன; வழக்குகள் தொடர்கின்றன. ஏன்? மனைக்கு விலை உண்டு. மீனவன் செய்யும் துப்புரவுக்கு விலைச்சீட்டு இல்லை. அவனை அகற்றிவிட்டால் அதே வேலைக்கு ஆலை வேண்டும். ஆலைக்கு அன்றாடம் மின்சாரம் வேண்டும். பழுது பார்க்கப் பணம் வேண்டும். அந்தக் கணக்கை மனை விற்பவன் எழுதுவானா?

நேபாளத்துத் துலிக்கேல் மருத்துவமனை 1997-இல் சரளையும் மணலும் நிரப்பிய தொட்டிகளில் நாணல் நட்டுத் தன் கழிவுநீரைத் தூய்மை செய்யத் தொடங்கியது. ஏரியானாலும் நாணல் தொட்டியானாலும் தத்துவம் ஒன்றுதான். ஏழை நாடுகளின் கைக்கெட்டும் வழி இது. மலிவானது என்பதால் மட்டமானது என்று யார் சொன்னது?

எனினும் ஒன்றை மறைக்கமாட்டோம். தோல் தொழிற்சாலையின் குரோமியத்தை எந்த மீனும் தின்று தீர்த்துவிடாது. அதைத் தன் வளாகத்திலேயே நீக்குவது தொழிற்சாலையின் கடமை. கால்வாயில் படியும் சேற்றை வாருவது அரசின் கடமை. இரண்டும் தவறினால், பழி மட்டும் ஏரியின்மேல் விழும்!

ஆகவே கேட்கின்றோம்: மண் கொட்டும் கைகளைச் சட்டம் தடுக்கட்டும். கால்வாய் தூர்வாரப்படட்டும். நகரத்தின் சுமையைச் சுமப்பவனுக்கு ஏரியின்மீதுள்ள உரிமை உறுதியாகட்டும். கழிவைக் கயலாக்கியவனைக் குடிபெயர்த்துவிட்டுக் கட்டும் மாளிகையின் கழிவுநீர், பிறகு எங்கே போகும்?