உயிர் காப்போரின் தகுதி

தாம்பரத்திலிருந்து வண்டலூர் செல்லும் ஜி.எஸ்.டி. ரஸ்தாவில் விபத்து நேர்ந்தால், முதலில் வந்து நிற்பவர் டாக்டர் அல்லர். 108 வண்டியின் வைத்திய உதவியாளரே. ரத்தப் பெருக்கை நிறுத்துவதும், மூச்சு வழியைத் திறப்பதும், முதுகெலும்பு அசையாமல் தூக்குவதும் அவர் பொறுப்பு. பிழைப்பதும் மாள்வதும் பல சமயங்களில் அச்சில நிமிஷங்களிலேயே நிர்ணயமாகின்றன.

இச்சேவை தமிழ்நாட்டில் 2008-ல் ஆரம்பமாயிற்று. பட்டதாரிகளை எடுத்துச் சில வாரங்கள் பயிற்சியளித்து அனுப்புவதே வழக்கமாயிருந்தது. தேசத்துக்கெல்லாம் பொதுவான அளவுகோலை 2021-ல் பார்லிமெண்டு இயற்றிய சட்டமே வகுத்தது. துணை வைத்தியத் தொழிலில் புகுவோருக்குக் குறைந்தது 2,000 மணி நேரப் படிப்பும், பெயர்ப் பதிவும் அவசியமென்று அது விதிக்கிறது. இதை மனமார வரவேற்கிறோம்.

ஆயினும், புது விதியைக் காட்டி, இரவு பகலாக ரஸ்தாவிலேயே தொழில் கற்றவர்களைத் தள்ளிவிடுவது அநீதியாகும். அதற்காகப் பரீட்சையே வேண்டாமென்பதோ நோயாளிக்கு இழைக்கும் துரோகம். அவர்கள் வேலையிலிருந்துகொண்டே மீதிப் பாடங்களைக் கற்றுப் பரீட்சை எழுதச் சர்க்கார் தன் செலவில் வசதி செய்யவேண்டும். குரோம்பேட்டை, செங்கல்பட்டு ஆஸ்பத்திரிகளே இதற்குத் தக்க பள்ளிகள். தகுதியற்றவர் கையில் நோயாளியை ஒப்புவித்தலும் கூடாது. உழைத்தவரைத் தெருவில் விடுதலும் கூடாது. சர்க்கார் தாமதியாது ஆவன செய்யுமென நம்புகிறோம்.