தேக்கம்பட்டி பாப்பம்மாள்

கோயமுத்தூர் ஜில்லா மேட்டுப்பாளையத்தை அடுத்த தேக்கம்பட்டியில், நூறு வயதைத் தாண்டிய பிறகும் காட்டு வேலையை விடாது செய்துவந்த ரங்கம்மாள் என்னும் பாப்பம்மாள் அவர்கள் 2024-ம் வருஷம் செப்டம்பர் மாதம் 27-ந் தேதி முடிவெய்தினார். இவ்வளவு நீண்ட காலம் வாழ்ந்த ஒருவர் இறந்ததற்காகத் துக்கப்படுவது அறிவுடைமையாகாது. பிறந்தவர் எவரும் ஒரு நாள் போகத்தான் வேண்டும். ஆனால் அவரது வாழ்விலிருந்து நாம் எதைக் கற்றுக்கொள்ளுவது என்பதில் ஏமாந்துபோகக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகின்றோம்.

அவர் பெரிய மிராசுதார் வீட்டில் பிறந்தவரல்ல. சிறு வயதிலேயே தாய் தகப்பனை இழந்து, உடன்பிறந்தாருடன் பாட்டியிடம் வளர்ந்தவர். பாட்டி வைத்திருந்த சிறு மளிகைக் கடையைத் தாமே ஏற்று நடத்தினார். சாப்பாட்டுக் கடையும் வைத்தார். அந்த வருமானத்தில் காசு காசாகச் சேர்த்துச் சுமார் 10 ஏக்கர் நிலம் வாங்கினார். பிற்காலத்தில் முழுவதையும் பார்க்க முடியாமல் ஒரு பகுதியை விற்றுவிட்டு, இரண்டரை ஏக்கரை மட்டும் வைத்துக்கொண்டு, வாழையும் தானியமும் காய்கறியும் இரசாயன உரமின்றிப் பயிர்செய்தார். தமக்குப் பிள்ளைகள் இல்லாவிட்டாலும் உடன்பிறந்தவரின் பிள்ளைகளைத் தம் பிள்ளைகளாக வளர்த்தார்.

வீட்டோடு அவர் நின்றுவிடவுமில்லை. 1959-ல் தேக்கம்பட்டி பஞ்சாயத்துக்கு உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பிறகு காரமடை ஊராட்சி ஒன்றியத்திற்கும் உறுப்பினரானார். பெண் ஒருத்தி ஆண்கள் கூடிய இடத்தில் நாற்காலியில் உட்காருவதே வெட்கக்கேடு என்று கிராமங்களில் நினைத்த காலம் அது. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தோடு தொடர்பு வைத்துக்கொண்டு, புதிய விஷயங்களைக் கேட்டறிந்து வந்தார். 2021-ல் இந்திய சர்க்கார் அவருக்குப் பத்மஸ்ரீ பட்டம் கொடுத்தது. 2024 செப்டம்பரில், அவர் கண்மூடுவதற்குச் சில நாட்களுக்கு முன், திராவிட முன்னேற்றக் கழகம் தனது பெரியார் விருதை அவருக்கு அளித்தது.

இனி, நம் ஜனங்கள் அவரைப் புகழ்ந்த விதத்தைச் சற்றுக் கவனிப்போம். பலர் அவரைத் "தாய்" என்றார்கள். சிலர் "தெய்வம்" என்றார்கள். இன்னும் பலர் "இவ்வளவு வயது இருக்க என்ன விரதம் இருந்தார்?" என்று கேட்டார்கள். ஆட்டுக்கறிப் பிரியாணியை விரும்பிச் சாப்பிடுபவர் என்று பத்திரிகைகளில் வந்தவுடன் விரதக்காரர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். தேக்கம்பட்டியோ, கோவில் யானைகளுக்குப் புத்துணர்ச்சி முகாம் நடத்திய ஊர் என்று ஏற்கனவே பேர் பெற்றிருந்தது. யானைக்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்று தோன்றிய நாட்டில், நாற்பது வருஷம் குனிந்து களை பறித்த பெண்ணின் முதுகு யார் கணக்கில் வந்தது?

ஒரு பெண்ணைத் தெய்வம் என்று சொல்லுவதில் நமக்கு ஒரு பெரிய சௌகரியம் இருக்கின்றது. தெய்வத்துக்குக் கூலி கொடுக்க வேண்டியதில்லை. தெய்வத்தின் பேரில் பட்டா எழுத வேண்டியதில்லை. தெய்வம் பாகம் கேட்டுக் கோர்ட்டுக்கு வராது. ஆகவேதான் நமது நாட்டில் பெண்ணைக் கும்பிடுவது சுலபமாகவும், பெண்ணுக்குப் பங்கு கொடுப்பது கஷ்டமாகவும் இருக்கின்றது.

பாப்பம்மாள் அவர்களை உலகம் "விவசாயி" என்று ஒப்புக்கொண்டதற்குக் காரணம் என்ன? அவர் பாடுபட்டது மட்டுந்தான் காரணமா? பாடுபடுகின்ற பெண் எந்தக் கிராமத்தில் இல்லை? விதை பொறுக்குவது, நாற்று நடுவது, களை எடுப்பது, கதிர் அறுப்பது, மாட்டுக்குத் தீனி வைப்பது, இவ்வளவும் பெண்ணின் வேலையாகத்தானே நடக்கின்றன? அப்படியிருந்தும் "உன் வீட்டில் விவசாயி யார்?" என்று கேட்டால், அவளே புருஷனைத்தானே கையைக் காட்டுகின்றாள்? பாப்பம்மாள் விஷயத்தில் வித்தியாசம் ஒன்றே. அவர் தம்முடைய சம்பாத்தியத்தில் நிலம் வாங்கினார். கையில் சொந்தச் சம்பாத்தியம் இருந்ததால் வீட்டிலும் அவர் வார்த்தைக்கு மதிப்பிருந்தது, ஊரிலும் மதிப்பிருந்தது. முதலில் கடை, பிறகு நிலம், பிறகு பஞ்சாயத்து என்ற வரிசையை நேயர்கள் நன்றாய்க் கவனிக்க வேண்டுகின்றோம்.

மற்றப் பெண்களின் நிலைமை என்ன? 2015-16-ல் எடுத்த விவசாயக் கணக்கெடுப்பின்படி, இந்தியா முழுவதிலும் சாகுபடி நிலங்களை நிர்வகிப்பவர்களில் பெண்கள் 100-க்கு 14 பேர்தான். நிலத்தின் பரப்பில் அவர்கள் கையிலிருந்தது 100-க்கு 12 பாகத்துக்கும் குறைவு. இது வெறும் கௌரவ விஷயமல்ல. கூட்டுறவு சங்கத்தில் பயிர்க்கடன் கேட்டால் சிட்டாவும் அடங்கலும் கேட்கின்றார்கள். 2019-ல் தொடங்கிய வருஷத்துக்கு 6000 ரூபாய் உதவித் திட்டமும் நிலப் பதிவேட்டில் பேர் உள்ளவரைப் பார்த்தே அமைந்தது. பட்டாவில் பேர் இல்லாதவள் எத்தனை ஏக்கர் நட்டாலும் சர்க்கார் காகிதத்தில் அவள் விவசாயி அல்ல.

சட்டம் இல்லையா என்றால், இருக்கின்றது. பெண்களுக்கு ஆண்களோடு சமமான சொத்துரிமை வேண்டுமென்று 1929-ல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மகாநாடு தீர்மானம் செய்தபோது, பலர் சிரித்தார்கள். அறுபது வருஷம் கழித்து, 1989-ல் தமிழ்நாடு சர்க்கார் குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனைப்போல் பங்குண்டு என்று சட்டம் செய்தது. ஆனால் அதற்கு முன்பே கல்யாணமானவர்களுக்கு அது பயன்படவில்லை. 2005-ல் இந்தியா முழுமைக்கும் சட்டம் திருத்தப்பட்டது. அந்த உரிமை பிறப்பினாலேயே வருவது என்று 2020-ல் சுப்ரீம் கோர்ட்டும் தீர்ப்புச் சொல்லிவிட்டது.

சட்டம் வாசல்வரை வந்துவிட்டது. வீட்டுக்குள் விடாமல் தடுப்பது நாம்தான். தடுப்பதற்கு ஒரு காகிதம் வைத்திருக்கின்றோம். அதற்கு "விடுதலைப் பத்திரம்" என்று பேர். தகப்பன் இறந்த சில நாட்களில் அக்கா தங்கைகளைச் சப்ரிஜிஸ்திரார் ஆபீசுக்கு அழைத்துப்போய், ஒரு புடவையும் வேளைச் சாப்பாடும் வாங்கிக் கொடுத்து, எனக்கு எந்தப் பாத்தியமும் இல்லையென்று கையெழுத்து வாங்கிக்கொள்ளுகின்றோம். யாருக்கு யாரிடமிருந்து விடுதலை? பெண்ணுக்குத் தன் சொத்திலிருந்து விடுதலை! இதைவிடப் பொருத்தமில்லாத பேரை எந்த அகராதியிலாவது காண முடியுமா?

"மகளுக்கு நிலம் கொடுத்தால் அடுத்த வீட்டுக்குப் போய்விடுமே" என்பார்கள். அப்படியானால் உங்கள் வீட்டுக்கு வருகின்ற மருமகளும் அடுத்த வீட்டிலிருந்துதானே வருகின்றாள்? அவள் கொண்டுவருவதை வேண்டாமென்கிறீர்களா? "நகை போட்டுச் சீர் செய்தோமே" என்பார்கள். அந்த நகை எத்தனை நாள் அவள் கழுத்தில் இருக்கின்றது? உரம் வாங்க, கிணறு வெட்ட, மூத்தவனைப் படிக்க வைக்க என்று முதலில் அடகுக்குப் போவது அதுதான். "பங்கு கேட்டால் பிறந்த வீட்டுப் பாசம் போய்விடுமே" என்பார்கள். பங்கு கேட்டால் அறுந்துபோகின்ற பாசம், பங்கு கேட்காதவரையில் மட்டும் என்ன பாசம்? அண்ணன் தம்பிகள் வரப்பு வைத்துப் பிரித்துக்கொண்ட பின்பும் நல்லது கெட்டதற்குக் கூடுவதில்லையா?

குடும்பப் பற்று என்று நாம் பெரிதாய்ப் பேசுகின்றோம். பாப்பம்மாள் அவர்களிடத்தில் அந்தப் பற்று இருந்தது. உறவினர் பிள்ளைகளை வளர்த்ததும் ஊர்க்காரியத்துக்குப் போனதும் அதற்குச் சாட்சி. ஆனால் கொடுப்பதற்குத் தம்மிடம் ஏதோ வைத்திருந்து கொடுத்தவர் அவர். ஒன்றுமில்லாமல், போவதற்கு வேறு இடமுமில்லாமல் உழைப்பவளின் நிலைமையைப் "பற்று" என்று சொல்லுவது அடிமைக்கு ஜரிகை போர்த்துவதாகும்.

அன்றியும், சொந்தமாக ஒரு சென்ட் நிலமுமில்லாமல் பிறர் வயலில் கூலிக்கு நிற்கின்ற பெண்களையும் மறக்கக் கூடாது. ஒரே வயலில் ஒரே வெயிலில் நின்று, ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்குக் குறைந்த கூலி என்பதைக் கேட்காமல் விடுவது நியாயமல்ல.

ஆகவே நேயர்களே! பாப்பம்மாள் அவர்களுக்குச் சிலை வேண்டுமென்றோ, அவர் படத்துக்குக் கற்பூரம் காட்ட வேண்டுமென்றோ நாம் கேட்கவில்லை. உங்கள் வீட்டுச் சிட்டாவை எடுத்துப் பாருங்கள். அதில் எத்தனை பெண்களின் பேர் இருக்கின்றது என்று எண்ணுங்கள். தகப்பனாயிருப்பவர்கள் கண் நன்றாய்த் தெரியும்போதே மகளின் பாகத்தை எழுதி வையுங்கள். அண்ணன் தம்பிகளாயிருப்பவர்கள் விடுதலைப் பத்திரத்துடன் தங்கை வீட்டு வாசலுக்குப் போகாதீர்கள். பெண்மக்களாயிருப்பவர்கள், படித்துக் காட்டாத எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள்.